பள்ளிக்கூடச் சம்பளம்: சென்னை மாகாணத்தில் பிள்ளைகள் ஏன் வரவில்லை, வாத்தியார் ஏன் கிடைக்கவில்லை

1823-இல் பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ.டி. கேம்பெல் தன் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி சென்னைக்கு அனுப்பினார். பெல்லாரி இன்று கர்நாடகத்தில் இருக்கிறது, அன்றைக்கு அது சென்னை மாகாணம். அந்த அறிக்கையில் ஒரு வழக்கத்தை விவரிக்கிறார். காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும். முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி, அதாவது பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மூன்றாவது பையனுக்கு லேசாக ஒரு அடி, நாலாவது பையனுக்கு இரண்டு, அப்புறம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். பதினைந்தாவதாக வந்தவனுக்குப் பதின்மூன்று அடி.

அந்தக் காலத்துக் கொடுமை என்று இதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த வாத்தியார் எதைத் தின்று உயிர் வாழ்ந்தார் என்று கேட்டால் இதற்கு இன்னொரு பொருளும் கிடைக்கிறது. அவருக்கு மாதம் பிறந்தால் பணம் கொடுக்க யாரும் கிடையாது. பிள்ளைகள் கொண்டுவரும் காசும் தானியமும், நவராத்திரியில் பையன்கள் கோலாட்டம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் வாங்கி வருவதும்தான் வருமானம். பிள்ளை வந்தால் அடுப்பு எரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் "பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்கள், ஃபீஸ் என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளை கட்டுவதும் சம்பளம், வாத்தியார் வாங்குவதும் சம்பளம். ஒரே சொல்.

இந்தச் சொல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அடுத்த நூறு வருடம் சென்னை மாகாண அரசு இந்த இரண்டையும் தனித்தனிக் கோப்பாகவே வைத்திருந்தது. பிள்ளைகள் வரவில்லையா, பெற்றோருக்கு அக்கறை இல்லை. வாத்தியார் சரியில்லையா, தகுதியான ஆள் கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே கணக்கு என்று அந்த ஊர்க்காரர்களின் மொழிக்கே தெரிந்திருந்தது, கோப்புக்குத்தான் தெரியவில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். கேம்பெல் அறிக்கை எழுதக் காரணம் கவர்னர் தாமஸ் மன்றோ. 1822 ஜூனில் எல்லாக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்கு கேட்டார், 1826 மார்ச்சில் வந்ததையெல்லாம் தொகுத்துக் குறிப்பு எழுதினார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள், மக்கள்தொகை 1 கோடியே 28 லட்சம். ஒரு பள்ளிக்குச் சராசரி பதினைந்து பிள்ளைகள். வாத்தியார்கள் பெரும்பாலும் மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை, இந்த வருமானத்துக்கு நல்ல ஆட்கள் வர மாட்டார்கள் என்று மன்றோவே எழுதுகிறார். பதினைந்து பிள்ளையில் ஒருவன் மாடு மேய்க்கப் போய்விட்டால் வாத்தியாரின் வருமானத்தில் பதினைந்தில் ஒரு பங்கு போய்விடும். அறுவடைக் காலத்தில் ஐந்து பேர் போய்விட்டால்?

இந்த எண்களை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லோரும் படித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்வதற்கு முன்பு அந்த 1,88,650-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். சேரிப் பிள்ளைகள் அநேகமாக இல்லவே இல்லை. மறுபக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆங்கிலேயர்கள் கல்வியைக் கொண்டுவந்தார்கள் என்பதும் அபத்தம். பள்ளி வயதுப் பையன்களில் நாலில் ஒருவன் பள்ளிக்குப் போகிறான், வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் என்று கணக்குப் போட்டு, பல ஐரோப்பிய நாடுகளில் கொஞ்ச காலத்துக்கு முன்புவரை இருந்ததைவிட இது மேல் என்று எழுதியவரும் அதே மன்றோதான்.

கேம்பெல் ஒரு படி மேலே போனார். பெல்லாரியில் ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு 533 பள்ளிகள், அவற்றில் 6,641 பிள்ளைகள். முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது இல்லை, பெரிய பள்ளிகள் இருந்த இடத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலர் மட்டும் படிக்கிறார்கள் என்கிறார். காரணமும் சொல்கிறார்: நாடு ஏழையாகிக்கொண்டு வருகிறது. இங்கிலாந்துத் துணி வந்து நெசவாளியின் பிழைப்பு போனது, கோவிலுக்கும் கல்விக்கும் கொடுத்துவந்த பழைய அரசுகளும் பாளையங்களும் போயின, பிள்ளையின் கையால் கொஞ்சம் வேலை ஆகும் என்றதும் பெற்றோர் அவனைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கம்பெனி கலெக்டர் ஒருவர் 1823-இல் இதை எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வந்த எத்தனையோ கமிட்டிகள் இந்த அளவுக்குக்கூட வெளிப்படையாகப் பேசவில்லை.

வாத்தியார் பற்றாக்குறைக்கு ஆங்கிலேயர்கள் கண்டுபிடித்த மிக மலிவான மருந்து நம் திண்ணையிலிருந்துதான் போனது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளர் ஆனார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பிறந்த பையன்களின் விடுதி அது. அங்கிருந்த ஆசிரியர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஒருநாள் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளிக்குள் அதைக் கொண்டுவரச் சொன்னபோது கீழ்வகுப்பு ஆசிரியர் முடியாது என்றார். பெல் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாளன் ஆக்கினார். பையன் செய்து காட்டினான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது, ஒரே ஆசிரியர் மேற்பார்வை பார்ப்பது என்று 1797-இல் லண்டனில் பெல் ஒரு நூலே வெளியிட்டார். அதற்கு மெட்ராஸ் முறை என்று பெயர் வந்து, இங்கிலாந்தில் தேவாலயப் பள்ளிகளுக்குப் போய், அங்கிருந்து பல காலனிகளுக்கும் போனது.

நம் ஊரில் இதற்குப் பெயர் சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் வெளியே போனால் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான், புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் எழுதிக் காட்டுவான். பதினைந்து பேர் கொண்ட திண்ணையில் அது இயல்பான ஏற்பாடு, ஏனென்றால் வாத்தியாருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் அவன் வீட்டையும் தெரியும். நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்து, அவ்வளவு பேருக்கும் ஒரே ஒரு சம்பளக்காரரை வைத்துக்கொள்ளும் உபாயமாக அது மாறியபோது விஷயமே வேறு.

சென்னை மாகாணம் முழுக்க அரசு நேரடியாக ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும் முயற்சியையும் மன்றோதான் தொடங்கினார். மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பள்ளி, தாலுகாவுக்கு ஒன்று. மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். நினைத்தது 40 மாவட்டப் பள்ளிகளும் 300 தாசில்தாரிப் பள்ளிகளும். 1827 ஜூலையில் மன்றோ பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். 1830 வாக்கில் எழுபது தாசில்தாரிப் பள்ளிகள் அளவில்தான் வந்திருந்தது. அந்த ஒன்பது ரூபாய்க்கு வந்த ஆசிரியர்களின் தரத்தைப் பற்றிக் குறை சொல்லிவிட்டு, மெக்காலே காலத்து ஆங்கிலக் கல்விக் கொள்கை வந்த கையோடு 1836-இல் அத்தனையையும் மூடிவிட்டார்கள். ஆறு ஏழு ரூபாய்க்கு நல்ல ஆள் வர மாட்டான் என்று எழுதிய அரசு, ஒன்பது ரூபாய் கொடுத்துப் பார்த்துவிட்டு ஆள் சரியில்லை என்றது.

இனி கதையின் மையத்துக்கு வருகிறேன். 1854-இல் லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது, அடுத்த வருடம் சென்னையில் பொதுக்கல்வித் துறை உருவானது. அரசே எல்லாப் பள்ளியையும் நடத்தாது, தனியார் நடத்தட்டும், அரசு உதவித்தொகை தரும் என்பதுதான் அடிப்படை. ஆரம்பப் பள்ளிகளுக்கு இந்த உதவியை எப்படிக் கொடுப்பது என்று யோசித்தபோது இங்கிலாந்தில் 1862-இல் வந்த ஏற்பாட்டைப் பின்பற்றினார்கள்: தேர்வு முடிவைப் பார்த்துக் காசு. 1860-களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் இது நடைமுறைக்கு வந்தது, திண்ணைப் பள்ளி வாத்தியார்களையும் இதற்குள் இழுத்தார்கள்.

முறை எளிமையானது. வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி வருவார். குறிப்பிட்ட நாட்களுக்குக் குறையாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை மட்டும் தேர்வுக்கு உட்காரவைப்பார்கள். படிப்பு, எழுத்து, கணக்கு என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை தேறினால் இவ்வளவு அணா, மேல்வகுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் கூட. எல்லாவற்றையும் கூட்டி வருவதுதான் வாத்தியாருக்கு அந்த வருடத்துச் சர்க்கார் பணம்.

ஒரு நிமிடம் அந்த வாத்தியாரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். தேர்வு நாளன்று ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு வருட உழைப்புக்கான காசு போய்விட்டது. ஊரில் அம்மை வந்தால் எல்லாம் போய்விட்டது. நாற்று நடவுக்குப் போன கூலிக்காரர் மகன் தேவையான நாட்களை எட்ட மாட்டான் என்று ஆவணி மாதமே தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் அவன்மேல் நேரம் செலவழிப்பது வாத்தியாருக்கு நஷ்டம். மெதுவாகக் கற்கும் பிள்ளை நஷ்டம். யாருக்குப் பள்ளி மிகவும் தேவையோ அந்தப் பிள்ளையை வாத்தியார் தானாகவே கைவிடும்படி காசின் கணக்கே தள்ளியது. வாத்தியார் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

பழைய திண்ணையிலும் வருமானம் பிள்ளைகளின் தலையெண்ணிக்கையைத்தான் நம்பியிருந்தது என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே அரைகுறையாக வந்துபோகும் பிள்ளையும் ஒரு படி தானியம் கொண்டுவந்தான், அறுவடை முடிந்து திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஏனென்றால் வகுப்பு என்ற ஒன்றே கிடையாது, ஒவ்வொருவனும் தன் ஏட்டைத் தன் வேகத்தில் படித்தான். புது முறையில் வந்துபோகும் பிள்ளைக்கு இடமில்லை. விவசாய நாட்டில் பாதிப் பிள்ளைகள் வந்துபோகிறவர்கள்தான். இந்தியக் கல்வியை ஆராய அரசு அமைத்த 1882-இன் ஹண்டர் கமிஷன்கூட ஆரம்பப் பள்ளிகளுக்கு இந்த முறையே போதும் என்றுதான் நினைத்தது. 1904-இல், வைஸ்ராய் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானத்தில்தான் இது தவறு என்று ஒப்புக்கொண்டு கைவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக்கு மேல். 1901 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு, பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட முழுதாக இல்லை.

சம்பளம் போதாததால் வாத்தியார் வேறு வேலையும் பார்த்தார். கிராமத்துத் தபால் கிளையைப் பள்ளி ஆசிரியரிடமே ஒப்படைக்கும் வழக்கம் நாடு முழுக்க இருந்தது, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் அவர்தான், கொஞ்சம் படியும் கிடைக்கும். ஓராசிரியர் பள்ளியில் தபால்காரரும் அவரே என்றால் தபால் வரும் நேரத்தில் நாலு வகுப்பையும் சட்டாம்பிள்ளைதான் பார்க்க வேண்டும்.

சாதியைப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. திண்ணை என்பது ஒரு வீட்டின் திண்ணை. அந்த வீடு ஒரு தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதற்கு ஊரில் விதி இருந்தது. வாத்தியார் மனம் வைத்தால்கூட, அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளை ஒருவனைச் சேர்த்த மறுநாளே மற்ற வீடுகள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடும், அவர்கள் கொடுக்கும் சம்பளமும் நின்றுவிடும், தேர்வுப் பணமும் போய்விடும். அதாவது பிள்ளைகளின் எண்ணிக்கையை நம்பி வாத்தியாரை வாழவைத்த அரசு, தீண்டாமைக்கு எதிராக அவர் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாதபடி அவரைக் கட்டிப்போட்டது. வகுப்பு, சாதி பார்க்காமல் எல்லோருக்கும் பொதுப்பள்ளி என்று அரசு காகிதத்தில் எழுதியது உண்மை. அந்தக் காகிதத்துக்கு ஆகும் நஷ்டத்தை யார் ஏற்பது என்று எங்கும் எழுதவில்லை.

அதனால்தான் தனிப்பள்ளிகள் வந்தன. மிஷன் பள்ளிகள் முன்பே இருந்தன. 1893-இல் அரசு பஞ்சமர் கல்விக்கென்று சலுகைகள் அறிவித்தது. 1894-இல் அடையாறில் பிரம்மஞான சபைத் தலைவர் ஆல்காட் இலவசப் பள்ளி தொடங்கினார், அயோத்திதாசப் பண்டிதர் போன்றவர்களின் முயற்சி அதோடு சேர்ந்தது. ஆனால் இங்கேயும் அதே முட்டுக்கட்டை: ஆசிரியர் யார்? சாதி இந்து ஆசிரியர்கள் சேரிக்கு வர மறுத்தார்கள். சேரியிலிருந்தே ஆசிரியரை எடுக்கலாம் என்றால், தலைமுறைகளாகப் பள்ளிக்குள் விடாத சமூகத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் திடீரென்று எங்கிருந்து வருவார்? உள்ளாட்சிப் பணத்தில் நடந்த பள்ளிகளே அக்ரகாரத்திலும் கோவிலை ஒட்டியும் இருந்தன. தானே பள்ளி ஆசிரியராக இருந்த ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1920-களில் சட்டசபையில் இதை விடாமல் எழுப்பினார். தொழிலாளர் நலத்துறை நடத்திய பள்ளிகள் அந்தக் காலத்தில் உருவானவை, இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது.

பெண்பிள்ளைகள் விஷயத்திலும் இதே வட்டம்தான். பெண் ஆசிரியர் இல்லையென்றால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள், பெண் படிக்காமல் பெண் ஆசிரியர் வர மாட்டார். இந்த வட்டத்தை உடைத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-இல் பிறந்தவர், சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், உடனே விதவை. 1911-இல் பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் எழும்பூரில் தன் வீட்டிலேயே நாலு இளம் விதவைகளை வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். பெண்பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் திண்டாடிய பெண் ஆய்வாளர் கிறிஸ்டினா லிஞ்ச் இதில் கைகோத்தார். விடுதி பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது, இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் சொல்லும் அதே கட்டடம். சமூகம் மூலையில் உட்காரவைத்த பெண்களைப் பயிற்சி கொடுத்து வகுப்பறையின் முன்னால் நிறுத்தினார். 1922-இல் வந்த லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியையும் அவரே நடத்தினார். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், மற்றவர்களுக்கான கதவு இன்னும் பல வருடம் தள்ளித்தான் திறந்தது. ஆனாலும் ஆசிரியர் பற்றாக்குறையும் பிள்ளைகள் வராமையும் ஒரே முடிச்சு என்று பார்த்து, அந்த முடிச்சிலேயே கைவைத்த முயற்சி இது.

கட்டாயக் கல்வி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911-இல் காங்கிரஸ் தலைவர் கோகலே மத்தியச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார், ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பகுதிகளில் மட்டும் கட்டாயம் ஆக்கலாம் என்ற அளவுக்கு அடக்கமான மசோதா. 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்று தோற்கடித்தார்கள். சென்னைக்கு 1920-இல் தனி ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது, உள்ளாட்சிகள் கல்வி வரி போடலாம், அனுமதி பெற்றுக் கட்டாயம் ஆக்கலாம் என்றது. போடலாம், ஆக்கலாம். பெரும்பாலான இடங்களில் அந்த 'லாம்' அப்படியே நின்றது.

அதே 1920-இல், செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது. தலைவர் பிட்டி தியாகராயர் சொன்ன காரணம் நேரடியானது: பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியின் எண்ணிக்கை குறைகிறது. பெற்றோரின் அறியாமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேம்பெல் எழுதி 97 வருடம் கழித்து, பிள்ளை வேலைக்குப் போவதால் வீட்டுக்கு மிச்சமாகும் சாப்பாட்டைப் பள்ளி ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருவர் செய்து பார்த்தார். இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-இல் 811 பிள்ளைகள், 1924-25-இல் 1,671 பிள்ளைகள். இரண்டே வருடம்.

ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்ய அனுமதி இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் சாப்பாடு நின்றது. மாநகராட்சி அதை மறுபடி தொடங்க 1927 ஆனது.

1929-இல் இந்தியக் கல்வியை ஆராய்ந்த ஹார்டாக் கமிட்டியின் அறிக்கை வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான கணக்கு அது: 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பையன்களில் 1925-26-இல் நாலாம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர். வருடங்களைக் கவனியுங்கள், ஆயிரம் விளக்கில் சாப்பாடு போட்டு, பிறகு நிறுத்திய அதே வருடங்கள். பாதியில் படிப்பை விடுவதற்கு 'விரயம்', ஒரே வகுப்பில் தங்கிவிடுவதற்குத் 'தேக்கம்' என்று கமிட்டி பெயர் வைத்தது, ஓராசிரியர் பள்ளிகளையும் பயிற்சியில்லாத ஆசிரியர்களையும் காரணம் காட்டியது, புதிதாகப் பள்ளி திறப்பதை நிறுத்தி இருப்பதைச் சீர்செய்யச் சொன்னது. 1930-களில் சென்னை மாகாணத்தில் பலனில்லாதவை என்று முத்திரை குத்திச் சின்னப் பள்ளிகளை மூடத் தொடங்கினார்கள். மூடப்பட்ட அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவு, ஏனென்றால் வாத்தியார் ஒருவர்தான். வாத்தியார் ஒருவர்தான், ஏனென்றால் பிள்ளைகள் குறைவு.